வேர்வையைத் துடைத்த வேட்பாளர்

1

எங்கள் தபால்பெட்டியில் வாராவாரம் ஒரு இலவசப் பேப்பர் விழும். பாதி சூப்பர் மார்க்கெட் விளம்பரம். நான் அதை உருளைக்கிழங்குத் தோல் உரிக்கத்தான் எடுத்து வைப்பேன். போன வாரம் அப்படி விரித்துப் போட்ட பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். நகர மன்றத் தேர்தலில் நிற்கிறாராம். அவருடைய அப்பா துருக்கியிலிருந்து சுரங்க வேலைக்கு இங்கே ஜெர்மனிக்கு வந்தவர். இவர் இங்கேயே பிறந்து, படித்து, எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். எங்கள் வாஷிங் மெஷின் மக்கர் பண்ணியபோது வந்து சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போன ஆள்தான். நிற்கும் கட்சி, தன் பெயரிலேயே கிறித்தவத்தை வைத்திருக்கும் கட்சி. தலைப்பு கொட்டை எழுத்தில்: "கிறித்தவர் கட்சியில் ஒரு முஸ்லிம் வேட்பாளர்." மூடிக் கிடக்கும் நீச்சல்குளத்தைத் திறக்க வைப்பேன் என்று அவர் சொன்னது கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில் இருந்தது.

"நாசமாப் போறவனுங்களா!" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன்.

மகள் லீனா காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு யாரை என்று கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயசு. இங்கே நகர மன்றத்துக்குப் பதினாறிலேயே ஓட்டுப் போடலாம், இதுதான் அவளுக்கு முதல் ஓட்டு. நான் பேசும் தமிழ் அவளுக்கு ஓரளவு புரியும், பதில் மட்டும் ஜெர்மனில் வரும். பேப்பரைக் காட்டினேன். படித்துவிட்டு, "உண்மைதானே அம்மா? அவர் முஸ்லிம்தானே? பொய் எதுவும் எழுதலையே?" என்றாள்.

எனக்குச் சுரீரென்று வந்தது. ஏனென்றால் இதே கேள்வியைச் சென்னையிலிருந்து ஒரு பையன் போனில் என்னிடம் கேட்டிருக்கிறான். அன்றைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. இப்போது பெற்ற பெண்ணே கேட்கிறாள், இப்போதும் வரவில்லை. கிழங்கு உரித்த கையோடு உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஊரில் இருக்கும் உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

2

நான் நெய்வேலிப் பெண். பழுப்பு நிலக்கரி ஊரில் பிறந்து, இன்னொரு பழுப்பு நிலக்கரி ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கேயும் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மைன்ஸ் பள்ளம், மண்ணை வெட்டும் அதே ராட்சத சக்கரம், கரி ஓடும் அதே பெல்ட்டு. என்ன, இவர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கரி வேண்டாமாம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையை மாற்றுவது. அங்கே இருக்கும் கிழவர்களில் பாதிப் பேர் அந்தச் சக்கரத்தை ஓட்டியவர்கள்தான்.

எங்கள் அப்பா மேல்பட்டாம்பாக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மைன்ஸில் பர்மனென்ட் ஃபிட்டர். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு வீடு திருநெல்வேலி, ஒரு வீடு தஞ்சாவூர், எதிர்வீடு பாலக்காடு. சண்டையே வராது, எல்லோரும் அண்ணன் தம்பி என்றெல்லாம் கதை விடமாட்டேன். தண்ணீர் வரும் நேரத்தில் வந்து பார்த்தால் தெரியும் லட்சணம். ஆனால் ஒரு ஆளைப் புதிதாகப் பார்த்தால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது, "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்றுதான். பெண் கொடுப்பதும் அதைப் பார்த்துத்தான், கடைக்காரன் கடன் சொல்ல விடுவதும் அதைப் பார்த்துத்தான். கோயிலா, சர்ச்சா என்பது அதற்கப்புறம் மெதுவாகத் தெரியவரும்.

அண்ணன் அருள்சேகர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கான்ட்ராக்டில் நுழைந்தான். "ரெண்டே வருஷம், பர்மனென்ட் பண்ணிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டு போனான். அப்பா ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டி, செத்தும் போனார். அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் கான்ட்ராக்ட். கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டு அறுந்தால் அதைச் சூடு போட்டு ஒட்டுகிற வேலை. பெல்ட்டு சேகர் என்றால் எந்த ஷிஃப்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்காக ஒரு யூனியன் ஆரம்பித்ததும் அவன்தான். அதில் முக்கால்வாசிப் பேர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள். நெல்லும் முந்திரியும் விளைந்த காட்டைக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் கான்ட்ராக்ட் கூலியாகத் தோண்டப் போகிறவர்கள். அவர்களில் ஒருவன் தனபால். பெல்ட்டு ஒட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சேகர் என்றால் இன்னொருவன் தனபால், கல்யாணமான ஜோடிகூட அத்தனை ஒட்டாக இருக்காது. மறியல் பண்ணிக் கைதாகி இரண்டு பேரும் ஊர் திரும்பும்போதெல்லாம் தனபால் மனைவி அஞ்சலை தெருமுனையிலேயே நிறுத்தி ஆரத்தி சுற்றி, புருஷன் நெற்றியிலும் என் அண்ணன் நெற்றியிலும் குங்குமத்தை அழுத்தி வைத்து அனுப்புவாள். அண்ணன் அப்படியே வீட்டுக்கு வருவான். "வந்துட்டாரு மாரியாத்தா புள்ள" என்று அண்ணி கிண்டல் பண்ணுவாள். அண்ணனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்குப் பூசைக்குப் போவான். போய் உள்ளே நுழையாமல் பைக் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு யாரிடமாவது சம்பளப் பாக்கி பேசிக்கொண்டிருப்பான்.

3

போன சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி கூட்டணியில் ஒரு சின்னக் கட்சிக்குப் போனது. அவர்கள் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். முகமெல்லாம் பல்.

"ஏய் ஜெயா, எனக்கு சீட்டு குடுத்துட்டாங்கடி!"

பின்னால் தனபால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே நாலைந்து தலைகள்.

"ஜெயிச்சு என்னண்ணே பண்ணப்போற?"

"ஒண்ணே ஒண்ணுதான். சட்டசபையில நின்னுகினு ஒரு கேள்வி கேக்கணும். ஒருத்தன் தலை நரைக்கிற வரைக்கும் செய்யற வேலை எப்டிடா தற்காலிக வேலை ஆவும்? அத மட்டும் கேட்டு, அவைக் குறிப்புல ஏத்திட்டா போதும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

அவன் கேட்டது அவ்வளவுதான். பதவி, கார், ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேள்வியை நிலம் கொடுத்த அந்த ஊர்க்காரர்கள் சார்பாக நின்று கேட்க வேண்டும். அவர்கள் அவனைத் தங்கள் ஆள் என்று அனுப்ப வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு டி.வி.யில் தொகுதி நிலவரம் போட்டார்கள். வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வேட்பாளர்கள் படம் வரிசையாக வந்தது. முதல் ஆள், பெயருக்குக் கீழே "வழக்கறிஞர்". அடுத்தவர், "தொழிலதிபர்". அதற்கடுத்து, "முன்னாள் ஒன்றியத் தலைவர்". நாலாவது என் அண்ணன். யூனியன் கூட்டத்தில் எடுத்த போட்டோ, கழுத்தில் துண்டு. கீழே "கிறித்தவர்" என்று இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிறித்தவன் என்பது எப்போதிலிருந்து ஒரு உத்தியோகம் ஆனது? அந்த வக்கீல் சாமி கும்பிடாதவரா? தொழிலதிபருக்கு மதமே கிடையாதா? அவர்களுக்கெல்லாம் வேலை, இவனுக்கு மட்டும் மதம். அப்புறம் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, இவரது சமுதாய ஓட்டு எத்தனை, மற்ற ஓட்டுகள் இவருக்கு விழுமா, விழாதா என்று அரைமணி நேரம் பேசினார்கள். கான்ட்ராக்ட் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. சிரிப்பெல்லாம் போய்விட்டது.

மறுநாள் இன்னொரு சேனல் பாராட்டியது. சிறுபான்மையினருக்கு வாய்ப்புக் கொடுத்த கட்சியாம். அதற்கடுத்த நாள், அண்ணனை பைக் ஸ்டாண்டிலேயே பார்த்துப் பழகிய சர்ச் ஆட்கள் சால்வையோடு வீட்டுக்கு வந்து, நம்ம ஆளு நம்ம ஆளு என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் போட்டோவும் செய்தியானது.

"திட்டறவனைத் திருப்பித் திட்டலாம்டி. பாராட்டறவனை என்னா பண்றது?" என்றான் அண்ணன்.

4

நான் சும்மா இருப்பேனா? அந்த டி.வி.யின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். முதியோர் இல்லத்தில் எங்களுக்குக் கொடுக்கும் இடைவேளையில், துணி துவைக்கும் அறையில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றி ஒரு பையனிடம் கொண்டுபோய் விட்டார்கள். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் தங்கமாகப் பேசித் தொலைத்தான்.

"சொல்லுங்க மேடம். தகவல் தப்பா இருந்தா உடனே திருத்திடறோம் மேடம். அவர் கிறித்தவர் இல்லையா?"

"கிறித்தவர்தாம்பா."

"அப்ப சரியாத்தானே மேடம் போட்டிருக்கோம்?"

"மத்த மூணு பேருக்கும் வேலையைப் போட்டீங்களே, இவருக்கு மட்டும் ஏம்பா?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் போடணும் மேடம். பாக்கிறவங்களுக்குச் சட்டுனு புரியணும்ல."

"பெல்ட்டு ஒட்டறவர்னு போடு. இல்ல, தொழிற்சங்கத் தலைவர்னு போடு."

"தொழிற்சங்கம்னா நிறைய பேர் இருக்காங்க மேடம். இது தனியாத் தெரியுது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதுல பொய் எதுவும் இல்லையே மேடம்?" என்றான்.

இதற்கு என்ன சொல்ல? இல்லை, என் அண்ணன் கிறித்தவன் இல்லை என்று சொல்ல என் நாக்கு எழுமா? ஞானஸ்நானம் வாங்கி, புதுநன்மை வாங்கி, ஆலயத்தில் தாலி கட்டியவன். பொய்யாக இருந்தால் மறுக்கலாம். உண்மையை எப்படி மறுப்பது? பிறகு எழுத்தில் புகார் அனுப்பினேன். தங்கள் புகார் பெறப்பட்டது என்று பதில் வந்தது. இன்றைக்கு வரைக்கும் அது பெறப்பட்டபடியே இருக்கிறது.

கூட வேலை செய்யும் டோரோத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். போலந்துக்காரி. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அண்ணன் இத்தனை வருஷமாகக் கான்ட்ராக்ட் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வேலை பழகுகிற ஆளா, வயதென்ன என்று கேட்டாள். அதை விட்டுவிட்டு மதத்தை டி.வி.யில் போட்டுவிட்டார்கள் என்றேன். "உன் மதத்தை நீதான் முதல் நாளே ஆபீஸில் சொன்னாய்" என்று சிரித்தாள்.

அது வேறு ஒரு கூத்து. இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் பதிவு பண்ணப் போனபோது அந்த ஆபீஸம்மா மதம் என்ன என்று கேட்டாள். கேட்டால் சொல்லவேண்டியதுதானே? ரோமன் கத்தோலிக்கம் என்று பெருமையாகச் சொன்னேன், ஏதோ பரிசு தரப்போகிறாள் என்பதுபோல. அன்றிலிருந்து சம்பளத்தில் சர்ச் வரி பிடிக்கிறார்கள். வேண்டாம் என்றால் கோர்ட்டுக்குப் போய் நான் சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். டோரோத்தா போட்டுவிட்டாள். நான் போடவில்லை. வரிக்குப் பயந்து சாமியை இல்லை என்று சொன்னால் செத்துப்போன எங்கள் அம்மா கனவில் வந்து அறைவாள். முத்திரை குத்துவது அவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை. அழிக்கவேண்டும் என்றால் நம் சாமியை நாமே மறுதலிக்க வேண்டும்.

5

நம் ஊரில் தேர்தல் எப்போது வரும்? வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் வரும். திறந்த ஜீப்பில் காலை முதல் நின்றுகொண்டே போக வேண்டும். தெருவுக்குத் தெரு ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், அதன்மேல் குங்குமம். நெற்றி பூராவும் ஈரம். அண்ணன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். மனுஷனுக்கு வேர்த்தால் துடைப்பான். வக்கீலும் துடைத்தார், தொழிலதிபரும் துடைத்தார், டி.வி.யில் நானே பார்த்தேன்.

ஆனால் இவன் துடைத்தது மட்டும் தனி வீடியோவாக வந்தது. துண்டு முகத்துக்குப் போகிறது, இறங்குகிறது, நெற்றியில் குங்குமம் இல்லை. அவ்வளவுதான் படம். மேலே எழுதியிருந்தது: "குங்குமத்தை அழித்த கிறித்தவ வேட்பாளர்." பண்ருட்டியில் இருக்கும் சித்தி மகன் முதலில் அனுப்பினான். அப்புறம் கூடப் படித்தவள், அப்புறம் இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆள். ஆளாளுக்கு, இது உங்க அண்ணன்தானே என்று கேட்டார்கள். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவன் கண்ணை மூடியிருக்கிறான். வேர்வை கண்ணுக்குள் போய் எரிகிறது. அதைத்தான் துடைக்கிறான். எனக்குத் தெரிகிறது, நான் தங்கச்சி. பார்க்கிற மற்றவர்களுக்கு மேலே எழுதியதுதான் தெரியும்.

கட்சிக்காரர்கள் பதறிப்போய், இனிமேல் முகத்தைத் துடைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் முழுக்க அவன் துடைக்கவில்லை. சுண்ணாம்புத் தண்ணீரும் வேர்வையும் கண்ணில் வழிய, கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்து போய், கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போயிருக்கிறான். அதையும் படம் எடுத்து, ஓட்டுக்காகக் குங்குமமா என்று போட்டார்கள். சால்வை போட்ட சர்ச் ஆட்களில் ஒருவர் போன் பண்ணி, நெற்றியில் அதெல்லாம் எதற்கு என்று வருத்தப்பட்டாராம்.

அண்ணி என்னிடம் கத்தினாள். "தொடைச்சாலும் தப்பு, தொடைக்காட்டியும் தப்பு. நெத்தியக் கழட்டி வூட்டுல வெச்சிட்டுப் போவச் சொல்லவா ஒங்கண்ணன?"

ஒரு நிருபர் மைக்கை நீட்டி, நீங்கள் கிறித்தவரா, ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். "நான் பெல்ட்டு ஒட்டறவன்ங்க" என்றிருக்கிறான் அண்ணன். மதம் பற்றிய கேள்விக்கு வேட்பாளர் மழுப்பல் என்று செய்தி போட்டார்கள். அதைப் படித்துவிட்டு நான் பஸ்ஸிலேயே அழுதேன். பக்கத்து சீட்டுக் கிழவி பேப்பர் கைக்குட்டை கொடுத்தாள்.

6

தனபால் ஊரை அண்ணன் கடைசி நாளுக்கு வைத்திருந்தான். அது அவன் வீடு மாதிரி. அங்கே ஓட்டுக் கேட்கப் போகத் தேவையே இல்லை, சும்மா போய் நின்றுவிட்டு வரலாம் என்று. அண்ணியும் அன்றைக்கு ஜீப்பில் இருந்தாள். நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

தெருமுனையில் வழக்கமான இடத்தில் அஞ்சலை தட்டோடு நின்றிருந்தாள். அண்ணன் இறங்கிப் போனான். மூன்று சுற்று சுற்றினாள். தண்ணீரை ஓரமாகக் கொட்டினாள். அண்ணன் குங்குமத்துக்குக் குனிந்தான், எப்போதும் குனிகிற மாதிரி. அஞ்சலை கையை எடுக்கவே இல்லை.

"போதும்ணே. நீங்க வண்டி ஏறுங்க" என்றாளாம்.

குனிந்த தலை குனிந்தபடியே அண்ணன் கேட்டிருக்கிறான், "ஏன் அஞ்சல, பொட்டு வெக்கல?"

"வேணாம்ணே. இத்தினி வருசமா தெரியாமலே வெச்சிகினு இருந்துட்டேன். வேதக்காரங்களுக்கு அது ஆவாதுன்னு அந்த வீடியோ பாத்தப்புறம்தான் தெரியுது. நீங்களும் வாயத் தொறந்து சொல்லல, நானும் கேக்கல. எவ்ளோ சங்கடப்பட்டிருப்பீங்க. மன்னிச்சிக்குங்கண்ணே." அவள் கண் கலங்கியிருந்தது என்று அண்ணி சொன்னாள்.

கோபத்தில் சொல்லவில்லை. ஒதுக்கிவைத்துச் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பாவம் சேர்ந்துவிடக் கூடாதே என்று சொல்லியிருக்கிறாள். படிக்காதவள், நல்லவள். டி.வி.யில் சொன்னதை நம்பி, இத்தனை நாள் வைத்ததற்கு மன்னிப்பும் கேட்கிறாள். இதற்கு யாரை அடிக்கப் போவது?

"அது வேர்வ அஞ்சல, வேர்வையைத்தான்—" என்று அண்ணன் ஆரம்பித்திருக்கிறான். அதற்குள் மைக்கில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். எதிரே ஒருத்தன் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பொட்டு வை என்று கேட்டு வாங்கினால் ஒரு தலைப்பு, கேட்காமல் போனால் ஒரு தலைப்பு. அண்ணன் கேமராவைப் பார்த்தான், அஞ்சலையைப் பார்த்தான், ஜீப்பில் ஏறிவிட்டான்.

"அன்னைக்கே தோத்துட்டாரு ஜெயா. எண்ணிகினு உக்காந்திருந்தது வெட்டிவேலை" என்றாள் அண்ணி.

7

தோற்றான். தோற்பதில் அவனுக்குப் பழக்கம் உண்டு, கான்ட்ராக்ட் யூனியன் நடத்துகிறவன் வேறு எதைப் பார்த்திருப்பான்? அதே டி.வி.யில் அதே கோட்டு ஆட்கள் வந்து, கிறித்தவ வேட்பாளர் என்ற அடையாளமே தோல்விக்குக் காரணம் என்றார்கள். அந்த அடையாளத்தைக் கொண்டுவந்து ஒட்டியது யார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இங்கே நான் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். லீனா கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேர்தல் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கொடி இறங்கியது, போஸ்டர் கிழிந்தது, வேட்பாளர் என்ற சொல்லும் போய்விட்டது. கிறித்தவர் மட்டும் போகவில்லை. தனபால் ஊர்த் திருவிழாவுக்கு அவனிடம் வசூலுக்கு வரவில்லை. ஏண்டா வரல என்று தனபாலைக் கேட்டால், "ஒனக்கு எதுக்குடா சங்கடம்னு பசங்க சொல்றானுங்க" என்றானாம். தனபாலுக்கும் சொல்லக் கூச்சம்.

ஆயுத பூசைக்கு அவர்கள் கேங்கில் சாமான்களை வைத்துக் கும்பிடுவது வருஷா வருஷம் நடப்பது. பெல்ட்டு ஒட்டுகிற சாமான்களைத் துடைத்து அடுக்குவது அண்ணன் வேலை, பூசணிக்காய் உடைப்பதும் அவன்தான், மூத்த ஆள் என்பதால். இந்தத் தடவை அவன் ஷிஃப்டுக்கு வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அவனுக்குத் தனியாக ஒரு கவரில் பொரி கொடுத்திருக்கிறார்கள். "இது படைக்காததுண்ணே. ஒங்களுக்குன்னு முன்னாடியே எடுத்து வெச்சிட்டோம்" என்று சொல்லி. எவ்வளவு அக்கறை பாருங்கள்! அண்ணன் அங்கேயே நின்று அத்தனை பேர் முன்னாடியும் அதைத் தின்றானாம்.

லீனாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அவங்க மரியாதையாத்தானே நடந்துக்கறாங்க? இதில் என்ன பிரச்சினை?" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடுத்தவர் மதத்தை மதித்துத் தனியே தட்டு வைப்பது நாகரிகம். அதே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று தனித்தட்டு வைத்தால் அவனுக்குத் தொண்டையில் இறங்குமா என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் போகிறது. ஜெர்மனில் சொன்னால் எனக்குப் பாதிதான் வருகிறது. இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றும் ஆகவில்லை.

8

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு பாட்டிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டான். வேலை நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான். டோரோத்தா கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

"தனபாலு போயிட்டாண்டி."

"என்னண்ணே சொல்ற?"

"நேத்து சாயங்காலம். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே உக்காந்தான். அவ்ளோதான்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. ரோட்டோரம் எங்கோ நிற்கிறான் போல, லாரி போகும் சத்தம்.

"இப்பதான் தூக்குனாங்க. தூக்கும்போது நான் போய்த் தோள் குடுக்க நின்னேன். முன்பக்கம், வலது பக்கம். யூனியன்ல எவன் செத்தாலும் நானும் தனபாலும்தான முன்னாடி நிப்போம். இவனுக்கு நான் நிக்கவேணாமா? அவங்க மாமா வந்து என் கையைப் புடிச்சாரு. மரியாதையாத்தான் புடிச்சாரு. 'ஒங்களுக்கு எதுக்குங்க, ஒங்க பக்கம் ஒத்துக்க மாட்டாங்க, நீங்க இப்பிடி உக்காருங்க'ன்னு நாற்காலி எடுத்துப் போட்டாருடி. பந்தலுக்கு வெளிய. சாவுக்கு வந்த ஆபீசர் மாதிரி."

"அஞ்சலை ஒண்ணும் சொல்லலையா?"

"அவ அடிச்சிகினு அழுதுகினு இருக்கா. அந்த அழுகையிலயும் என்னைப் பாத்துட்டா. பாத்து, 'அண்ணன் ராத்திரிலேர்ந்து இங்கயே நிக்குது, அண்ணனுக்கு யாராவது டீ குடுங்க'ன்னு சொல்றாடி. குடுத்தாங்க. தனபால தூக்கிகினு போறாங்க, நான் நாற்காலியில உக்காந்து டீ குடிச்சிகினு இருக்கேன். குடிக்கலன்னா அதுக்கும் எதுனா நினைச்சிப்பாங்களோன்னு குடிச்சேன் ஜெயா. குடிச்சேன்."

அண்ணன் அழுதான். எங்கள் அப்பா சாவுக்குக்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் இல்லத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். எத்தனை ஆயிரம் மைல் தள்ளி நின்று என்ன பண்ண முடியும்? அண்ணே அண்ணே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினான். பிறகு சாதாரணக் குரலில், கடையில் என்ன விலை என்று விசாரிப்பதுபோலக் கேட்டான்.

"ஜெயா, அங்க எனக்கு எதுனா வேல கெடைக்குமா?"

நான் இந்த ஊருக்குக் கிளம்பியபோது ஏர்போர்ட்டுக்குக்கூட வராதவன். ஊரை வேணாம்னு போறவளை நான் ஏண்டி வழியனுப்பணும் என்று ஷிஃப்டுக்குப் போனவன். அவன் கேட்கிறான். ஐம்பது தாண்டியாயிற்று, பாஷை தெரியாது, கையில் ஐ.டி.ஐ. சர்டிபிகேட். இங்கே இருக்கும் பெல்ட்டையே கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். விசா ஆபீஸ் வாசலில் நிற்கவைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"பாக்கறேண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

"பர்மனென்ட் கேட்டு எப்பப் போனாலும் கான்ட்ராக்டர் ஆபீஸ்ல இதத்தாண்டி சொல்லுவாங்க. பாக்கறோம் சேகர், பாக்கறோம் சேகர்னு. நீயும் சொல்லிட்ட. சரி, வெச்சிடு. வேல நேரம்."

யூனியனுக்காக யார் வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று கேட்பான் அண்ணன். தனக்கென்று என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. முதல் தடவையாகக் கேட்டான், நான் பாக்கறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.